ரிவர்ஸ் வோல்டேஜ் இல்லாமலும் போட்டோடயோட் வேலை செய்யும்

தம்பி, ஹட்டன் ரோட்டுப் பனிமூட்டத்தை அளக்க போட்டோடயோட் (வெளிச்சத்தைக் கரண்டாக மாற்றும் உறுப்பு) வைக்கப் போகிற நீங்கள், "ரிவர்ஸில் (பிளஸ், மைனஸை மாற்றி) வோல்டேஜ் கொடுத்தால்தான் போட்டோடயோட் வேலை செய்யும், கூட்டக் கூட்ட உணர்திறன் ஏறும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. பி.பி.டபிள்யூ.34 என்கிற போட்டோடயோட்டின் டேட்டாஷீட்டை (கம்பனி தரும் விவரத்தாள்) எடுத்துப் பாருங்கள்: ஒரே வெளிச்சத்துக்கு ஷார்ட் சர்க்கிட் கரண்ட் (வோல்டேஜ் கொடுக்காமல் இரண்டு முனையையும் நேரே இணைத்தால் வருவது) 47 மைக்ரோஆம்பியர், 5 வோல்ட் ரிவர்ஸில் 50. கூடினது அவ்வளவுதான்.

உண்மையில் மாறுவது கெபாசிட்டன்ஸ், அதாவது டயோட் தனக்குள் சார்ஜ் பிடித்து வைக்கும் அளவு. வோல்டேஜ் இல்லாதபோது 70 பிகோஃபாரட் இருப்பது 3 வோல்ட்டில் 25க்கு இறங்குகிறது, அதனால் வேகம் கிடைக்கிறது, ரிமோட் சிக்னல் பிடிக்கிற மாதிரி வேலைக்கு அது வேணும். ஆனால் கூடவே டார்க் கரண்டும் வந்துவிடும். இருட்டிலும் ஒழுகுகிற அந்தக் கரண்ட் ஏறக்குறைய ஒவ்வொரு 10 பாகை சூட்டுக்கும் இரட்டிப்பாகும். நுவரெலியா குளிரில் ஒழுங்காக இருந்த சர்க்கிட்டைக் கொண்டுபோய் தேயிலை பெக்டரி டிரையர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ரீடிங் தானாக ஏறும்.

நீங்கள் அளக்கப் போவது ஹட்டன் ரோட்டுப் பனிமூட்டத்தை. அது நிமிடக்கணக்கில் மாறுகிற விஷயம், வேகம் எதுக்கு? பயாஸ் (அந்த ரிவர்ஸ் வோல்டேஜ்) போடாமல் ஆப்-ஆம்போடு (சின்ன சிக்னலைப் பெருக்கும் ஐ.சி.) இணைத்தாலே போதும்.

அப்புறம், டேட்டாஷீட்டில் ரிவர்ஸ் வோல்டேஜ் 60 வோல்ட் என்று போட்டிருப்பது தாங்கும் உச்சம்தான், கொடுக்கச் சொன்ன அளவு இல்லை.