பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

பிளஸ் ஒன்னில் பயோ மேத்ஸ் எடுத்தால் விளையாட்டை மூட்டை கட்டிவிட வேண்டும் என்பது எங்கள் நீலகிரி மலையில், கோத்தகிரிப் பக்கம் எழுதாத சட்டம். என் மகள் இந்த வருடம் அந்த குரூப்பில்தான் இருக்கிறாள். பத்தாவது வரை வாலிபால் ஆடியவள். "ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோம்மா, அப்புறம் காலேஜ்ல போய் ஆடிக்கலாம்" என்று அவளுக்குச் சொல்லாத பெரியவர் எங்கள் சொந்தத்தில் இல்லை. அப்படிக் காலேஜில் போய் ஆடிய ஒருவரையும் எனக்குத் தெரியாது.

"ஸ்கூல் விட்டு வந்து ஒரு மணி நேரம் விளையாட்டு, கொஞ்சம் ஓய்வு, அப்புறம் படிப்பு" என்று அட்டவணை போட்டுத் தருகிறவர்கள் யாரும் கட்டபெட்டில் சாயங்கால பஸ்ஸுக்கு நின்றவர்கள் இல்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, பஸ் பிடித்து, ஊர் முக்கில் இறங்கும்போதே இருட்டு கட்டிவிடும். ஜூலையில் மழை, டிசம்பரில் உறைபனி, மற்ற மாதங்களில் மூடுபனி. தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் காட்டெருமை நிற்கும், சில நாள் கரடியும் வரும். அந்நேரத்தில் எந்த அப்பா பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புவார்?

வார இறுதியும் அப்படித்தான். மழைக்கு விட்ட லீவை ஈடுகட்ட சனிக்கிழமை பள்ளி. ஞாயிறு கோச்சிங்குக்காக மலையிறங்கும் பிள்ளைகள் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டே போய் வருகிறார்கள். தோட்டத்தில் ஆள் கிடைக்காத வாரமென்றால் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளை பச்சைத் தேயிலை பறிக்கவும் நிற்கும். அந்த வேலையை எந்த அட்டவணையும் கணக்கில் எடுப்பதில்லை.

அதனால் என் கட்சி இதுதான்: மலையில் 'பள்ளி விட்ட பிறகு' என்று ஒரு நேரமே கிடையாது. விளையாட்டோ, பாட்டோ, மன்றமோ, எதுவானாலும் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். அட்டவணையில் பி.டி. பீரியட் இருக்கத்தான் செய்கிறது. கெமிஸ்ட்ரி போர்ஷன் முடியவில்லையா, எடு பி.டி. பீரியடை. மேத்ஸ் டெஸ்ட் பாக்கியா, எடு லைப்ரரி பீரியடை. பி.டி. சார் பாவம், பிளஸ் டூ வகுப்புக்குப் போனால் பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

மார்க் கணக்கைப் பாருங்கள். ஒரு பாடத்துக்கு 100. அதில் அகமதிப்பீட்டுக்கு 10. அந்தப் பத்துக்குள் கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. அந்த இரண்டும் ஆடினவனுக்கும் விழுகிறது, ஆடாதவனுக்கும் விழுகிறது.

பாடம் சுமைதான், இல்லையென்று சொல்லவில்லை. மொத்த மார்க் 1200-இலிருந்து 600 ஆனதே தவிர புத்தகம் மெலியவில்லை. நீட்டில் 180 கேள்வி, 720 மார்க், பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடத்திலிருந்தும் கேட்பார்கள். பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்துப் பன்னிரண்டையே இரண்டு வருடம் நடத்தியதால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. நல்ல முடிவு. ஆனால் அந்த மூச்சு விடும் இடம் பிள்ளைக்குப் போய்ச் சேருமா, பிளஸ் டூ பாடம் மறுபடி ஜூனிலேயே ஆரம்பிக்குமா? இரண்டாவதுதான் நடக்கும் என்று என் பயம்.

இன்னொன்று. பயோ மேத்ஸ் வகுப்பில் எல்லாரும் டாக்டர் ஆகப் போவதில்லை. என் மகளுக்குத் தோட்டக்கலை படிக்க ஆசை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பிளஸ் டூ மார்க் போதும், நீட் வேண்டாம். இன்ஜினியரிங்குக்கும் வேண்டாம். பிறகு ஏன் மொத்த வகுப்பையும் நீட் நேரத்துக்கு ஓட்டுகிறார்கள்? கேட்டால் "எல்லாருக்கும் யூஸ் ஆகும் சார்" என்பார்கள்.

பெற்றோரையும் சொல்ல வேண்டும். சர்டிஃபிகேட் தருகிற விளையாட்டு என்றால் சரி. மாடிப்படியில் உட்கார்ந்து தோழியோடு கதையடித்தால் நமக்குக் கை பரபரக்கிறது. என்.எஸ்.எஸ். முகாம் ஏழு நாள் என்றதும் "அவளுக்கு உடம்பு சரியில்லை" என்று லெட்டர் எழுதிக் கொடுக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஆட்சியரே உள்ளூர் விடுமுறை விடுகிறார். அன்றைக்கும் ஆன்லைன் டெஸ்ட் வைத்தது ஒரு கோச்சிங் சென்டர். பக்கத்து வீட்டுப் பையன் பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவே போனில் விலங்கியல் கேள்விக்கு விடை தட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்கு அதில் பெருமை வேறு!

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு பி.டி. பீரியடை ஜனவரி வரைக்கும் யாரும் தொடக்கூடாது. நீட் வகுப்பு விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். ஸ்பெஷல் கிளாஸ் எதுவானாலும் வெளிச்சம் இருக்கும்போதே பஸ் பிடிக்கிற மாதிரி முடிய வேண்டும். "ரிசல்ட் குறைஞ்சா யார் பொறுப்பு?" என்று ஒரு அப்பா எழுந்து கேட்பார், போன தடவையும் கேட்டார். ஆகவே தனியாகப் போய்ப் பிரயோஜனம் இல்லை. கட்டபெட்டு, அரவேணு பக்கத்துப் பெற்றோர் யார் யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், ஒரே ஜீப்பில் போய்விடலாம்.