எங்க குடும்ப குரூப்புல நடந்த நாட்டுப்பற்று சண்டை

ஆகஸ்ட் 15 காலைல எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரே ரகளை. ஆரம்பிச்சு வச்சது எங்க மச்சான். பதினாறு வருசமா சிங்கப்பூர்ல இருக்காரு, விடிஞ்சும் விடியாம ஒரு கொடி போட்டோவ போட்டு எங்க சுத்துனாலும் இந்தியன்னு சொல்றதுல இருக்க கெத்தே தனின்னு எழுதிருந்தாரு. கீழயே எங்க அக்கா மவன், இங்க திருத்துறைப்பூண்டி பக்கம் ஊர்லயே கெடக்குற பய, டிப்ளமோ முடிச்சு ரெண்டு வருசமா சும்மா இருக்கான், "மாமா அந்த கெத்த நான் வச்சிக்கிறேன், ஒங்க பர்மிட்ட எனக்கு குடுத்துட்டு நீங்க ஊருக்கு வாங்க"ன்னு போட்டுட்டான்.

அவ்ளோதான். நன்றி கெட்டவன்னு இவரு, 2025 லிஸ்ட்டுல சந்தோசமான நாடுன்னு பின்லாந்து மொதல்ல இருக்கு, நாம 118வது இடம்னு அவன். நடுவுல எங்க பெரியப்பா ரெண்டு நிமிச வாய்ஸ் மெசேஜ், அதுல பெரிய கோயிலு, ராசராசன், கப்பல் படை எல்லாம் வந்துச்சு. மூணு மா (ஒரு ஏக்கர்) நெலத்த வச்சிக்கிட்டு கூட்டுறவு சொசைட்டி கடனுக்கு அலையுற மனுசன், பேச ஆரம்பிச்சா கடாரம் வரைக்கும் போயிட்டு தான் திரும்புவாரு. பின்லாந்து லிஸ்ட்ட பாத்துட்டு எங்க அத்தாச்சி மட்டும் "அங்க வெயிலே அடிக்காதாமே, நெல்ல எங்க காய வைப்பாங்க"ன்னு கேட்டுச்சு. அன்னிக்கு குரூப்ல வந்ததுலயே உருப்படியான கேள்வி அதான்.

நான் ஒண்ணும் சொல்லல. ஏன்னா அந்த ரெண்டு பேராவும் நானே இருந்திருக்கேன். 2008ல நான் சிங்கப்பூருக்கு கெளம்புறப்ப இந்த பய மாதிரி, ஏர்போர்ட்ல திரும்பிக்கூட பாக்கல. போயி ஆறு மாசம் ஆனதும் அந்த மச்சான் மாதிரி. ஊரு எட்டிப்போனா தான் நாட்டுப்பற்று பொங்குது, இது என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் புரியல. இங்க இருக்கறப்ப பஸ் வரலன்னு திட்டுன நாக்கு, சிங்கப்பூர்ல நம்மாளுங்க கூடுற தேக்கால ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நின்னுக்கிட்டு எங்க நாட்டுலன்னு ஆரம்பிக்கும்.

2016 மார்ச் 23, இந்தியா பங்களாதேஷ் டி20 மேட்ச், பெங்களூர்ல. சிங்கப்பூர்ல எங்க டார்மிட்டரி (வேலையாளுங்க விடுதி) ரூம்ல பன்னெண்டு பேரு, ஏழு பேர் நம்மாளுங்க, அஞ்சு பேர் பங்களாதேஷ். ஒரே போன சொவத்துல சாச்சு வச்சு பாத்தோம், அங்க அப்ப ராத்திரி மணி ஒண்ணு தாண்டியாச்சு. மூணு பால்ல ரெண்டு ரன்னு தான் அவனுங்களுக்கு வேணும், அதுக்குள்ளயே கட்டில தட்டி ஆட ஆரம்பிச்சிட்டானுங்க. அப்பறம் மூணு பால்ல மூணு விக்கெட்டு, கடைசி பால தோனி கையில புடிச்சிக்கிட்டு ஓடிவந்து குச்சிய சாச்சாரு, நாம ஒரு ரன்ல ஜெயிச்சோம். நாங்க போட்ட சத்தத்துல செக்யூரிட்டியே மேல வந்துட்டாரு. எனக்கு எதிர் கட்டில்காரன் போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிட்டு படுத்துட்டான். காலைல அஞ்சு மணிக்கு வேலைக்கு ஏத்திட்டு போற லாரி. மழை. தார்ப்பாய்க்கு கீழ பன்னெண்டு பேரும் முட்டி இடிக்க குந்தியிருந்தோம், ஜெயிச்ச நாட்டுக்காரனுக்குன்னு தனியா சீட்டெல்லாம் போடல.

அதுக்கு முந்தின வருசம் மார்ச்சுல சிங்கப்பூரோட மொத பிரதமர் லீ குவான் யூ செத்தப்ப மன்னார்குடி சுத்துப்பட்டு ஊர்கள்ல கண்ணீர் அஞ்சலின்னு பேனர் வச்சது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். சிரிச்சாங்க நெறைய பேரு, வேற நாட்டு தலைவருக்கு எவன்டா பேனர் வைப்பான்னு. (இந்திய அரசாங்கமே மார்ச் 29 அன்னிக்கு ஒரு நாள் துக்கம் அனுசரிச்சுது, அதுக்கு யாரும் சிரிக்கல.) எனக்கு சிரிப்பு வரல. எங்க பக்கம் கீத்துக்கொட்டாய் எத்தனையோ மாடி வீடா மாறுனது அந்த ஊரு காசுல. அங்க நானும் ராத்திரி வேலை முடிஞ்சு போயி அவரு ஒடம்ப பாக்க வரிசைல நின்னேன், உள்ள போறப்ப விடிஞ்சிருச்சு. முன்னாடி சீனக் கெழவி, பின்னாடி காலேஜ் புள்ளைவொ, ஒருத்தரும் வரிசைய முந்தல.

அந்த நாட்ட நான் எதுக்கு மதிக்கிறேன்னா கட்டடத்துக்காக இல்ல. 2012ல சைட்ல என் இடது கை வெரல் ரெண்டு நசுங்கிருச்சு. ஆஸ்பத்திரில வச்சு பாத்தாங்க, கம்பெனி தான் செலவு, அப்பறம் இன்சூரன்ஸ் பணம் வந்துச்சு. இதுக்கு நான் ஒரு வட்டச் செயலாளரையோ கவுன்சிலரையோ புடிக்கல, யாரு காலுலயும் விழுவல, "நம்ம ஆளு" யாரு இருக்கான்னு தேடல. பாரத்துல கையெழுத்து போட்டேன், நடந்துச்சு. ஒனக்கு இது சேர வேண்டியதுன்னு ஒருத்தன் சொல்லி அது தானா வந்து சேர்றது எனக்கு வாழ்க்கைல அதான் மொத தடவை, முப்பத்தொரு வயசுல.

ஆனா அதே நாடு தான் ஒம்போது வருசம் ஒழைச்ச பெறவும் என்ன விருந்தாளி மாதிரி கூட வச்சிக்கல. வொர்க் பர்மிட்காரன் பொண்டாட்டி புள்ளைய கூட்டிக்கிட்டு வந்து குடித்தனம் பண்ண முடியாது. அந்த ஊருக்காரங்கள்ல முக்காவாசிக்கு மேல அரசாங்கம் கட்டுன ஃபிளாட்ல இருக்காங்க, அதுல எத்தனையோ ஃபிளாட்டுக்கு கம்பி கட்டுன எனக்கு அதுல ஒரு நா ராத்திரி படுக்க வழி இல்ல. என் பொண்ணு மொத மொதல்ல நடந்தத போன்ல தான் பாத்தேன். 2017ல பர்மிட் கேன்சல், பொட்டிய கட்டுன்னாங்க. 2020 கொரோனால மச்சான் டார்மிட்டரிக்குள்ளயே மாசக்கணக்குல அடைஞ்சு கெடந்தாரு, ஊரே தெறந்த பெறவும். நல்ல நாடா, நல்ல நாடு தான். யாருக்குன்னு கேக்கணும்ல.

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். நான் அங்க இருந்தப்ப, 2013 தை மாசம், எங்க அம்மாவ வரப்புல புல்லு அறுக்கறப்ப கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. பக்கத்து வீட்டு பையன் 108க்கு அடிச்சான், எங்க மண்ரோட்டுல உள்ள வரைக்கும் வண்டி வந்துச்சு. தாலுகா ஆஸ்பத்திரில விஷமுறிவு ஊசி போட்டு அங்கேருந்து மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி பன்னெண்டு நாள் வச்சிருந்தாங்க, கிட்னி பாதிச்சு டயாலிசிஸ் வேற. சிங்கப்பூர்ல நான் தூங்கல, எவ்ளோ ஆகும், யாருகிட்ட வட்டிக்கு வாங்கறதுன்னு கணக்கு போட்டுக்கிட்டே இருந்தேன். கடைசில அக்காகிட்ட கேட்டா செலவு ஆனது பஸ்ஸுக்கும் டிபனுக்கும் தான். வார்டுல படுக்க பாய் கூட இல்ல, பக்கத்து கட்டில் நாத்தம் தாங்கலன்னு அக்கா கொற சொல்லுச்சு, உண்மையா தான் இருக்கும். ஆனா கைநாட்டு வைக்கிற ஒரு பொம்பளைய, சொந்த நெலம் கூட இல்லாதவள, யாரு என்னன்னு கேக்காம காப்பாத்தி அனுப்பிருக்கு இந்த அரசாங்கம். செவ்வாய்க்கு மங்கள்யான் போனப்ப ரூம்ல மிட்டாய் குடுத்தவன் நான், சந்தோசம் தான், ஆனா அந்த ஊசிய நெனச்சா வர்றது வேற மாதிரி.

பெரியப்பா சொல்ற சோழர் பெருமைய நான் இல்லங்கல. கல்லணை எனக்கும் பெருமை தான். ஆனா எங்க ஊரு கடைமடை. கல்லணைல பிரிஞ்சு வெண்ணாத்துல வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்புல மறுபடி பிரிஞ்சு, கோரையாத்துல எறங்கி, ஏ வாய்க்கா பி வாய்க்கான்னு குறுகி குறுகி எல்லாரும் குடிச்ச மிச்சம் தான் எங்களுக்கு. போர்வெல் போட்டா உப்புத்தண்ணி. ஜூன் 12 மேட்டூர் தொறந்தாச்சு, மலர் தூவுனாங்கன்னு டிவில காட்டுறப்ப எங்க ஊர்ல எவனும் கை தட்ட மாட்டான், வரட்டும் பாப்போம்பான். 2018 ஆகஸ்ட்ல மேட்டூர்லேருந்து ரெண்டு லட்சம் கனஅடி தொறந்து விட்டாங்க, கொள்ளிடம் ரெண்டு கரையும் முட்டி ஓடுது, திருச்சி பக்கம் முக்கொம்புல வெள்ளக்கார இஞ்சினியர் ஆர்தர் காட்டன் கட்டுன மேலணைல ஒம்போது மதகு அடிச்சிட்டு போச்சு, அவ்ளோ தண்ணியும் கடலுக்கு. அதே வாரம் எங்க வாய்க்கால்ல ஆடு மேஞ்சுது. அந்த அணைய கட்டி நூத்தி எம்பது வருசம், கட்டுனவன தெய்வமா கும்புடுறோம், ஷட்டருக்கு கிரீஸ் போடுறவன கேக்க ஆளில்ல.

அதனால ஒரு நாடு நல்லாருக்கா இல்லயான்னு என்னய கேட்டா மேட்டூர்ல எத்தன அடின்னு பாக்க மாட்டேன், கடைமடைல வந்துச்சான்னு தான் பாப்பேன். 2023 ஆகஸ்ட்ல காலை டிபன் திட்டத்த எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும்னு திருக்குவளைல தொடங்கி வச்சாங்க, எங்க தெரு புள்ளைவொ அப்பவே உப்புமா சாப்புட்டுச்சு, அது வந்து சேந்துச்சு. நெல்லு கொள்முதல் நெலையத்துக்கு போங்க, எந்த ஊருன்னு நான் சொல்லல, அங்க வந்து சேரல. நெல்லுக்கு வெல ஏத்துனது டெல்லில உண்மை, ஈரப்பதம் 17க்குள்ள இருக்கணுங்கறது உண்மை, ஆனா ரோட்டுல கொட்டி எட்டு நாள் காத்து கெடந்து, மழை வந்து நனைஞ்ச பெறவு சிப்பத்துக்கு (மூட்டைக்கு) இவ்ளோன்னு குடுத்ததும் ஈரம் தானா எறங்குது. அந்த இடத்துல ஒருத்தன் வந்து நாட்ட நெனச்சு பெருமைப்படுன்னு சொன்னா நான் என்ன செய்ய.

இன்னொண்ணும் இருக்கு, குரூப்ல யாரும் பேச மாட்டாங்க. எங்க ஊர்ல ஒரு தெருவுக்கு மட்டும் சுடுகாட்டுக்கு பாதை கெடையாது. கார்த்திகைல செத்தா நடவு நட்ட வயலுக்குள்ள முட்டி தண்ணில பொணத்த தூக்கிட்டு போவணும். வெண்மணி இங்கேருந்து ரொம்ப தூரம் இல்ல, 1968ல கூலி கூட கேட்டதுக்கு நாப்பத்தி நாலு பேர குடிசைக்குள்ள வச்சு கொளுத்துன ஊரு. ராசராசன் பரம்பரைன்னா அதுல அந்தத் தெருக்காரங்களும் இருக்காங்களா இல்லயான்னு பெரியப்பாகிட்ட கேட்டேன் ஒரு தடவை, வெத்தல பொட்டிய மூடிட்டு எந்திரிச்சு போயிட்டாரு. சிங்கப்பூர் லாரிலயும் நம்மாளு பக்கத்துல ஒக்காந்ததும் எந்த ஊரும்பான், அடுத்து எந்தத் தெரும்பான், அப்பறம் தான் டீயில பங்கு.

மத்தியானம் அக்கா மவன் தனியா மெசேஜ் போட்டான், மாமா ஏஜென்ட் நம்பர் இருந்தா அனுப்புங்கன்னு. போவாதன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, அனுப்பிட்டேன். பர்மிட்ல என்ன என்ன எழுதிருக்கும்னு நாளைக்கு வீட்டுக்கு வா சொல்றேன், வர்றப்ப அருவாள எடுத்துட்டு வான்னும் போட்டேன். தண்ணிய முறை வச்சு விடுறாங்க, நாளான்னிக்கு எங்க வாய்க்கா முறைன்னு மதகு தொறக்குற லஸ்கர் சொல்லிருக்காரு, மதகு வாயில கோரை ஆளுயரத்துக்கு மண்டிக் கெடக்கு.