தவளை முட்டையில ஆரம்பிச்சவரு
சுகருக்கு செல் வைத்தியம் தேடின ஹார்வர்டு விஞ்ஞானி டக் மெல்ட்டன் பத்தி நீங்க எழுதின பதிவு சூப்பர், ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு, மனுஷன் முதல்ல தவளை முட்டைய வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தவரு, 1991ல தன்னோட ஆறு மாசக் கைக்குழந்தை சாமுக்கு டைப் 1 சுகர்னு (கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்ல உடம்பே அழிச்சிடுற நோய்) தெரிஞ்சதும் அதை ஓரங்கட்டிட்டு கணையத்து பக்கம் வந்துட்டாரு, அப்புறம் பொண்ணு எம்மாவுக்கும் அதே. ஸ்டெம் செல்லுல (வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல்) இருந்து பீட்டா செல்ல, அதான் அந்த இன்சுலின் சுரக்குற செல்ல, ஹார்வர்டு லேப்ல கோடிக்கணக்குல வளர்த்துக் காட்ட 2014 ஆயிடுச்சு!! இதுக்காக அவர் ஆரம்பிச்ச கம்பெனிக்கு வச்ச பேரு செம்மா, ரெண்டு புள்ளைங்க பேரையும் ஒட்டினது (நமக்கு 'செம'ன்னு தான் கேக்குது). வெர்டெக்ஸ்ங்கிற மருந்து கம்பெனி அதை வாங்கி நடத்தின ட்ரையல்ல, அந்த செல்ல முழு டோஸ் போட்ட 12 பேர்ல 10 பேருக்கு ஒரு வருஷத்துல இன்சுலின் ஊசியே தேவைப்படல. ஆனா உடம்பு அந்த செல்ல அழிச்சிடாம இருக்க எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திரை போட்டுக்கிட்டே இருக்கணுமே, அதான் இடிக்குது. எங்க அக்கா பையனுக்கு 9 வயசு, தினம் நாலு ஊசி, வயித்துல எந்தப் பக்கம்னு அவனே சொல்லுவான். அவனுக்கு அந்த மாத்திரைய குடுக்க மனசு வருமா?