வாசலில் டிக்கெட் மேசை வேண்டாம்

போன சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு எங்கள் மலையக டவுன் மைதானத்து வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவன் நான். தலைக்கு 100 ரூபா. பத்து மணி இருக்கும், தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். விலையைக் கேட்டதும் அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "புள்ளைகளுக்கு மட்டும் குடுங்க தம்பி" என்றார். மூன்று டிக்கெட் கிழித்தேன். பிள்ளைகள் உள்ளே ஓடிவிட்டார்கள். அவரும் சம்சாரமும் கம்பிவேலியைப் பிடித்தபடி மத்தியானம் வரை வெளியிலேயே நின்றார்கள். சாக்கு ஓட்டத்தில் கடைசிப் பையன் விழுந்தபோது அந்த அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "எழும்பு சாமி, ஓடு, ஓடு" என்று கத்தினார். அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை.

இந்த வருடமும் டிக்கெட் போடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. கொழும்பில் இருந்து இசைக்குழு கூப்பிட வேண்டுமாம், அதற்குச் சல்லி வேண்டுமாம். "100 ரூபா எல்லாம் இப்ப ஒரு காசா?" என்று கமிட்டி அண்ணன் ஒருவர் கேட்கிறார். காசுதான் அண்ணே. 2021 இல் தோட்டத்து நாட்கூலி 1,000 ரூபா ஆனது. அது 1,350 ஆவதற்கு 2024 செப்டெம்பர் வரை காத்துக் கிடந்தோம். கொழுந்து நிறை குறைந்தால் அதுவும் அரைப்பேர்தான், பாதிக் கூலி. ஐந்து பேர் உள்ளே வர 500 ரூபா, அதற்கு மேல் பஸ் காசு, பிள்ளை கேட்கும் ஐஸ்கிரீம். ஒரு நாள் உழைப்பில் மிச்சம் என்ன இருக்கும்?

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் சீசன். வெயிலுக்குத் தப்பிக் கீழ்நாட்டுச் சனம் ஏறி வரும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மஹகஸ்தோட்டையில் கார் ஓட்டம், 1873 இல் ஆளுநர் கிரகரி காலத்தில் கட்டிய வாவியில் படகு. அழகான ஊர், வருகிறவர்கள் நன்றாக வந்து போகட்டும். ஆனால் அங்கே நம் சனத்தில் பலர் சோளம் அவித்து விற்கவும் ஹோட்டலில் பாத்திரம் கழுவவும்தான் போகிறார்கள். நம் மலையில் நடக்கிற சீசனில் நாம் வேலையாள். குடும்பத்தோடு போய் உட்கார நமக்கு இருப்பது இந்த ஒரு மைதானம்தான்.

டிக்கெட் இல்லாமல் நடத்த முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முந்தி எப்படி நடத்தினோம்? பேக்கரிக்காரர் பணிஸ் கொடுத்தார். நூலில் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிள்ளைகள் எட்டி எட்டிக் கடித்தார்கள். வழுக்கு மரத்துக்குக் கமுகு ஒரு வீட்டில், கிறீஸ் கராஜில். உடைக்கிற மண் முட்டிகளில் ஒன்றில் டொபி, மற்றதில் மஞ்சள் தண்ணீர். பலகையில் வரைந்த யானைக்குக் கண் வைக்க ஒரு அக்கா வந்தார், பென்ஷன் எடுத்தவர். கொழுந்துக் கறை விரல் வெடிப்பில் அப்படியே இருந்தது. கண்ணைக் கட்டியதும் அந்த விரலால் பலகையை மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, வாலில் கொண்டுபோய் கண்ணை வைத்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரை அதற்கு முன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுகிறோமே, அதற்கு யாராவது டிக்கெட் அடித்தார்களா? ஒரு லயத்து வீட்டு வரிசை எண்ணெய் கொடுக்கும், ஒரு லயம் சோறு போடும், தப்பு மேளம் அடிக்கிறவர் விடிய விடிய அடிப்பார். ரதி மதன் ஆடுவதைத் தோட்டமே சுற்றி உட்கார்ந்து பார்க்கும். பொது விழா நடத்த நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இசைக்குழு வேண்டாம். நம் பொடியன்களிடம் ஸ்பீக்கர் இருக்கிறது. ஏப்ரலில் பின்னேரம் இடியோடு மழை இறங்கிவிடும், அதனால் காலை எட்டுக்கே தொடங்கி, பிள்ளைகளின் போட்டிகளை முதலில் முடித்துவிடலாம். கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒரு ஓரத்தில் தறப்பாள் கட்டுவோம். தறப்பாளும் கயிறும் என் பொறுப்பு. குடிநீருக்கும் கழிவறைக்கும் மட்டும் கடைகளில் சேர்த்தால் போதும். யார் எவ்வளவு தந்தார்கள் என்று வாசலில் பலகையில் எழுதி வைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். அண்ணாமாரும் அக்காமாரும் தயவுசெய்து வாங்க, வந்து இதைச் சொல்லுங்க. மேல் டிவிஷன் அண்ணனைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டேன். கயிறு இழுக்கையில் நம்ம பக்கம் கடைசியில் நின்று பிடிக்க நல்ல கனமான ஆள் வேண்டும், குடும்பத்தோடு வாங்க என்று சொல்லியிருக்கிறேன்.