மேற்கு வெயிலை வீட்டுக்குள் அழைத்துவிட்டு அதற்குப் "பசுமை இல்லம்" என்று பெயர்

புதுச்சேரியில் 'பசுமை இல்லம்' என்று பாராட்டுப் பெற்ற ஒரு வீட்டின் படத்துக்குக் கீழே நான் எழுதிய இரண்டு வரிக் கருத்துக்குக் கிடைத்த அர்ச்சனைகளை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். மேற்கு முகம் முழுவதும் கண்ணாடி, அறைக்கு ஓர் ஏ.சி., மொட்டை மாடியில் சோலார் பலகைகள். வெப்பத்தை நாமே உள்ளே விட்டுவிட்டு, அதை வெளியே தள்ளுவதற்கான மின்சாரத்தைச் சூரியனிடம் வாங்கினால் வீடு பசுமையாகிவிடுமா என்றுதான் கேட்டேன். அதற்குப் பொறாமைக்காரன் என்ற பட்டம்.

நம் கடற்கரை ஏறக்குறைய 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. உச்சி வெயில் பெரும்பாலும் தலைக்கு மேலே நிற்பதால் வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் சாதாரண சன்ஷேடே பெருமளவு காத்துவிடும். பிற்பகலில் சாய்ந்து வரும் மேற்கு வெயிலுக்கு அது போதாது. மரமோ, வராந்தாவோ, குறைந்தபட்சம் ஜன்னல் இல்லாத சுவரோ வேண்டும். முதலில் நிழல், அடுத்தது கூரை, இயந்திரம் அதற்குப் பிறகுதான். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவில்தான் வெப்பத்தைக் கீழே இறக்குகிறது, ஏ.சி. அதிகம் ஓடுவதும் அப்போதுதான், பலகைகள் ஒரு யூனிட்கூடத் தராததும் அப்போதுதான். பகலில் பொது மின்கட்டமைப்புக்குக் கொடுத்ததை இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். மீட்டர் கணக்கு நேராகிவிடும், சரி. அந்த இரவில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கும். நான் சோலாருக்கு எதிரியில்லை. வரிசை மாறக் கூடாது என்கிறேன், அவ்வளவே.

எனக்குக் கான்கிரீட் ஒவ்வாது என்றும் ஒருவர் தீர்ப்பளித்திருக்கிறார். அவர் அதே புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பார்க்கட்டும். அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களின் இறுதியில் வேலை தொடங்கிய கான்கிரீட் கட்டடம்தான் அது. வடக்கும் தெற்கும் பார்த்த முகங்களில் ஜன்னலுக்குப் பதிலாகத் திருப்பித் திறக்கும் கிடைப்பலகைகள், கூரைக்கு மேல் காற்று புகும் இன்னொரு கூரை. கண்ணாடியை நம்பாமலே காற்றும் நிழலும் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் வீடு கட்டியபோது செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டில் சுவர் எழுப்பினேன். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை; செங்கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், இடையில் நிற்கும் காற்று வெப்பத்தையும் தாமதப்படுத்தும். பொந்து விட்டால் பாம்பு குடியேறும் என்றார் மேஸ்திரி. அதையாவது சிரித்துக் கடந்துவிட்டேன். பூசாத வெளிச்சுவரைப் பார்த்து, பூசுவதற்குப் பணம் போதவில்லையா என்று நெருங்கிய உறவினர் ஒருவர் பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டதை மறக்க முடியவில்லை. இன்று பொறாமை என்று எழுதுகிறவர்களும் அதே குரலில்தான் எழுதுகிறார்கள்.

மண்கல் சுவர் மழையில் கரைந்துவிடும் என்பவர்களுக்கு: ஆரோவில்லில் ஐந்து சதவீத அளவுக்குச் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் மண்கற்களால் மாடி வீடுகளே நிற்கின்றன. 2011 தானே புயலில் ஓட்டுக்கூரைகள் பறந்ததை நினைவூட்டுபவர்களுக்கு: நான் ஓடு போடச் சொல்லவில்லை; கான்கிரீட் தளம் சூடேறாமலிருக்க அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளையடிக்கச் சொல்கிறேன், அது புயலில் பறக்காது. அரைக் கிரவுண்டு மனையில் முற்றத்துக்கும் மரத்துக்கும் எங்கே போவது என்று கேட்டவரின் கேள்வி நியாயமானது. அவருக்கும் மேற்கில் மாடிப்படியையும் குளியலறையையும் வைக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் அதிகமில்லை. ஆனால் அந்தப் பாராட்டுப் பெற்ற வீட்டுக்கு இடப் பற்றாக்குறை இல்லை. தோட்டத்தில் நீரூற்று வைக்க இடமிருந்தது, மேற்கே ஒரு வேப்பமரத்துக்குத்தான் இல்லாமல் போய்விட்டது.

கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்காதவன் கட்டடத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டவருக்கு மட்டும் பதில் எழுதப் போவதில்லை. இந்த ஆண்டு வீடு கட்டவிருக்கும் நண்பர்கள் மனையின் திசையைக் குறித்து வரைபடத்தை உள்பெட்டிக்கு அனுப்பினால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முகப்புக்குக் கண்ணாடியா கிரானைட்டா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.