எந்த மலை ஏறப் போகிறேன் என்று கேட்ட தம்பிக்கு

சனிக்கிழமை தேக்காவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நாலு சக்கரமும் சுற்றும் பழைய பஜேரோ ஜீப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றுதான் சொன்னேன். "சிங்கப்பூர்ல எந்த மலைண்ணே ஏறப் போறீங்க? காயலான் கடைக்குப் போற வண்டி அது!" மேசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை.

தம்பி, நம் ஊரிலேயே உயரமான குன்றான புக்கிட் தீமாவின் உயரம் 164 மீட்டர்தான் என்று எனக்கும் தெரியும். மலை ஏற இல்லை, படகு இழுக்க.

படகு, எஞ்சின், டிரெய்லர், பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் 1,200 கிலோவுக்குக் குறையாது. சாலையில் அதை இழுப்பது பெரிய வித்தையில்லை. கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் அந்தச் சரிவில்தான் வண்டியின் குட்டு வெளிப்படும். கீழ்ப்பாதி முழுக்கப் பாசி. மேலே ஏறும்போது பாரம் பின்பக்கம் சாய்கிறது, டிரெய்லரும் பின்னால் அழுத்துகிறது, முன் சக்கரம் பிடிப்பை விட்டுவிடும். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தில்தான் ஓடுகின்றன.

இது புத்தகத்தில் படித்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நண்பரின் காரில் மாட்டி இழுத்தோம். சக்கரம் அதே இடத்தில் சுற்றியது, ரப்பர் வாடை, கார் மெதுவாகப் பின்னால் வழுக்கி பம்பர் வரை தண்ணீர். ஆறு பேர் தள்ளினோம். அதில் அதிகமாகக் கத்தியது யார் தெரியுமா? காயலான் கடை என்று சொன்ன அதே தம்பி. அன்றைக்கு ஒரு லோ கியர் போட்டு, நாலு சக்கரமும் சுற்றும் கனமான வண்டி இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. மலை ஏற இல்லை, படகு இழுக்க!

"வாடகைக்கு எடுக்கலாமே" என்பார்கள். எடுங்கள். பின்னால் கொக்கி மாட்டி உப்புத் தண்ணீரில் இறக்கப் போகிறேன் என்று வாடகைக் கடையில் சொல்லிப் பாருங்கள், சாவியைத் தருகிறார்களா என்று.

"செலவு?" சரி, அது உண்மை. பத்து வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதல், வருடா வருடம் ஏறி 50 வரை போகும். பரிசோதனையும் வருடம் ஒருமுறை. சிஓஇ, அதாவது பத்து வருடத்துக்கு வண்டி வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ், அதைப் புதுப்பிக்க முந்தைய மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ ஒன்றரை லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டபோது வயிறு கலங்கியது எனக்கும்தான். கணக்குப் போட்டால் நான் தோற்பேன். விடுங்கள், புது மின்சாரக் காரை வாங்கிவிட்டு மாதத் தவணைக்குப் பெருமூச்சு விடுகிறவர்களிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கிளம்பும்போது "அம்பத்தெட்டு வயசுல இதெல்லாம் தேவையாண்ணே?" என்று அந்தத் தம்பி தோளைத் தட்டினானே, அதைத்தான் மறக்க முடியவில்லை. பத்து வருடம் ஆனால் வண்டி காயலான் கடைக்கு. அறுபதை நெருங்கினால் ஆள் எங்கே, தம்பி? அப்பா வாங்கிய லாரியும் பழையதுதான். அதை ஓட்டித்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார்.

இன்னும் முடிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு போய் அடியில் படுத்துப் பார்க்கப் போகிறேன். கொக்கி மாட்டும் இடத்தில் துரு தின்றிருந்தால் அந்த வண்டி வேண்டாம், அவ்வளவுதான். அவனையும் கூப்பிட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.