அரிசிக்குள் புதைத்தால் ட்ரஃபிள் கெடாதா?

மண்ணுக்கடியில் விளையும், மணமும் விலையும் மிகுந்த பூஞ்சையான கருப்பு ட்ரஃபிளை அரிசி டப்பாவில் புதைத்துவைத்தால் வாரக்கணக்கில் புதிதாகவே இருக்கும் என்றொரு குறிப்பு சுற்றிவருகிறது. தவறு. அரிசி ஈரத்தை உறிஞ்சிவிடும். பிரான்சில் டிசம்பர் முதல் மார்ச் வரை ஓக் மரங்களின் அடியில் நாயை விட்டு மோப்பம் பிடித்துத் தோண்டியெடுக்கும் அந்தப் பூஞ்சை சுருங்கிப்போகும்; மணமும் அரிசிக்குப் போய்விடும். (சோறு மணக்கும், உண்மைதான். அதற்கு இவ்வளவு விலையா?)

உறிஞ்சுதாளில் சுற்றி, மூடிய கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். அப்படியும் ஒரு வாரத்துக்குள் சமைத்துவிடுவதே நல்லது.

புட்டியில் துணைக்கு எதையாவது வைத்தே தீர வேண்டுமென்றால், முட்டை. ஓட்டின் நுண்துளைகள் வழியே மணம் உள்ளே இறங்கும். மறுநாள் வெண்ணெயில் ஆம்லெட் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு ட்ரஃபிளை மெல்லியதாகச் சீவித் தூவுங்கள்.